தேயிலைத் துண்டுக்கு வேர் விடச் சொல்வது யார்?

கேள்வி கேட்டவர் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்து உயர்தர வகுப்பு மாணவர். அவர் எழுதியதன் சுருக்கம் இது: "ஓர் உயிரின் எல்லாக் கலங்களிலும் ஒரே டீ.என்.ஏ. என்று படிக்கிறோம். எங்கள் தோட்டத்துத் தவறணையில் (நாற்றுமேடையில்) ஒரு இலையும் ஓர் அங்குலத் தண்டும் உள்ள துண்டை மண்ணில் குத்துகிறார்கள், வேர் வந்துவிடுகிறது. வேருக்கான மரபணு அதுவரை எங்கே இருந்தது? அதை வேலை செய்யச் சொன்னது யார்? இன்னொன்று, போன வறட்சியில் பக்கத்துச் செடிகள் எல்லாம் காய்ந்தபோது காயாமல் நின்ற செடியில் துண்டு வெட்டினால் அந்தத் தாங்கும் குணமும் கூட வருமா?" இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு மரபணு கலத்துக்குள் இருப்பதற்கும் அது பயன்படுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது, அப்படி நடந்தது எவ்வளவு காலம் நிலைக்கும்? முதல் பாதிக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாம் பாதியில் சந்தேகத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. (பாடப்புத்தகம் பரம்பரையலகு என்கிறது. எழுதச் சுருக்கமாக இருப்பதால் இங்கே மரபணு என்றே வைத்துக்கொள்கிறேன்.)

தேயிலையின் ஒவ்வொரு கலத்திலும் 30 நிறமூர்த்தங்கள் (டீ.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்ட இழைகள்), அதாவது 15 சோடி. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துச் சோடிகளும் 30,000க்கு மேற்பட்ட மரபணுக்களும் இருப்பதாக 2017இலும் 2018இலும் வெளியான முழு வாசிப்புகள் காட்டின. கொழுந்து, பூ, வேர் நுனி எங்கே எடுத்தாலும் இதே தொகுதிதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துப் பிசகிய கலங்கள் இருக்கும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். தொகுதி ஒன்றாக இருந்தாலும் கொழுந்தின் கலமும் வேரின் கலமும் செய்கிற பொருட்கள் வேறு. தேநீரின் சுவையில் பங்குள்ள தியானின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலும் வேரில் தயாராகிக் காழ் (தண்ணீர் ஏறும் இழையம்) வழியாக மேலே ஏறுகிறது. கஃபீன் இளம் இலையில் தயாராகிறது, வேரில் அது மிகக் குறைவு. தியானின் செய்யும் நொதியத்தின் மரபணு இலைக் கலத்திலும் முழுதாக இருக்கிறது, ஆனால் அங்கே அது மிகக் குறைவாகவே வாசிக்கப்படுகிறது, அதாவது ஆர்.என்.ஏ. ஆகப் பிரதி எடுக்கப்படுகிறது. ஆகவே வேருக்கான மரபணு எங்கிருந்தும் புதிதாக வரவில்லை. அது தண்டுக் கலத்துக்குள்ளேயே வாசிக்கப்படாமல் கிடந்தது. இலைக்கு ஒரு மூட்டை, வேருக்கு ஒரு மூட்டை என்று மரபணுக்களைப் பிரித்து நினைப்பதும் பிழை. சுவாசத்துக்கும் புரதம் கட்டுவதற்கும் வேண்டிய ஆயிரக்கணக்கான மரபணுக்கள் எல்லாக் கலத்திலும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. இலைக்கும் வேருக்கும் உள்ள வேறுபாடு எஞ்சிய சிலவற்றில் இருக்கிறது, பல நேரங்களில் அளவில் மட்டுமே இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு முதலில் தெளிவாகப் பிடிபட்டது குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவில். 1961இல் பிரான்ஸைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மொனோவும் அதை விளக்கினார்கள், 1965இல் ஆந்த்ரே ல்வோஃபுடன் சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது. பாலில் உள்ள லக்ரோசு கிடைக்காத வேளையில் அதை உடைக்கும் நொதியத்தைச் செய்து வைப்பது வீண் செலவு. அதனால் ஓர் அடக்கிப் புரதம் அந்த மரபணுவின் வாசலை மறித்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கலத்துக்கு அப்படிச் சுமார் 10 மூலக்கூறுகளே போதும். லக்ரோசு உள்ளே வந்ததும் அதிலிருந்து உண்டாகும் அல்லோலக்ரோசு அடக்கியில் ஒட்டிக்கொள்ள, அதன் வடிவம் மாறி வாசலை விட்டுக் கழன்றுவிடும். நொதியத்தின் அளவு ஏறத்தாழ 1,000 மடங்கு கூடும். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இதில் இரண்டு விடயங்களைத் தவறவிடுவார்கள். அடக்கி விலகினால் மட்டும் போதாது. பக்கத்தில் குளுக்கோசு இருந்தால் வாசிப்பு மந்தமாகவே நடக்கும், குளுக்கோசு தீர்ந்தபின் ஒட்டும் இன்னொரு ஊக்கிப் புரதமும் தேவை. மற்றது, மூடிய நிலையிலும் இந்த மரபணு சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த ஒழுக்கு இல்லாவிட்டால் லக்ரோசை உள்ளே விடும் புரதமும் இருக்காது, அதை அல்லோலக்ரோசாக மாற்றும் நொதியமும் இருக்காது, லக்ரோசு வந்த செய்தி கலத்துக்குத் தெரியவே வராது. பாடத்தில் சொல்லும் 'சுவிட்ச்' உவமை இங்கேயே சறுக்குகிறது.

செடியிலும் மனிதரிலும் இதைவிடப் பல அடுக்குகள் இருக்கின்றன. லயத்துப் பீலியை (தண்ணீர் பிடிக்கும் குழாய் வாயை) எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் விழும் தண்ணீரைத் தீர்மானிப்பது பீலி மட்டுமல்ல. மேலே ஊற்று, நடுவில் குழாய், தாங்கி, வழியில் திறப்பான்கள், ஒழுகும் மூட்டுகள், எல்லாம் சேர்ந்துதான். மரபணுவில் முதல் திறப்பான் டீ.என்.ஏ. மடித்து வைக்கப்பட்டிருக்கும் விதம். ஒரு தேயிலைக் கலத்தின் டீ.என்.ஏ.யை நீட்டினால் சுமார் 2 மீற்றர் வரும், அதை அடக்கும் கருவோ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதனால் 147 எழுத்துச் சோடிகளுக்கு ஒரு சுற்றுருண்டையாக, எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி அது சுற்றப்பட்டிருக்கிறது. ஹிஸ்டோனின் வாலில் அசற்றைல் என்ற சிறு வேதிக் கூட்டம் ஒட்டினால் பிடி தளர்ந்து வாசிக்கும் இயந்திரம் உள்ளே நுழையலாம். வேறு சில இடங்களில் மீதைல் கூட்டம் ஒட்டினால் அந்தப் பகுதி இறுகிவிடும். டீ.என்.ஏ.யின் சைற்றோசின் எழுத்திலேயே மீதைல் ஒட்டுவதும் உண்டு, அது பெரும்பாலும் வாசிப்பை அடக்கும். 'பெரும்பாலும்' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தாவரங்களில் நன்றாக வாசிக்கப்படும் பல மரபணுக்களின் நடு உடம்பிலும் மீதைல் காணப்படுகிறது.

மடிப்பு தளர்ந்த இடத்தில் ஆர்.என்.ஏ. பொலிமரேசு நொதியம் தானாக வந்து வாசிக்கத் தொடங்காது. மரபணுவின் முன்பகுதியில் குறிப்பிட்ட எழுத்து வரிசைகளைத் தேடிப் பிடிக்கும் பிரதியாக்கக் காரணிகள் என்ற புரதங்கள் அதை இழுத்து வரவேண்டும். சில பிடிப்பிடங்கள் மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும். சில ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி இருக்கும், விலங்குகளில் 10 லட்சம் எழுத்துகள் தள்ளிக்கூட இருக்கலாம். நடுவில் உள்ள டீ.என்.ஏ. வளைந்து இரண்டையும் முகத்துக்கு முகம் கொண்டுவரும். ஒரே காரணி வேறு துணைகளோடு சேர்ந்தால் வேறு மரபணுவைத் திறக்கும் என்பதால், அளவான எண்ணிக்கையிலுள்ள காரணிகளைக் கொண்டே பல கலவகைகளை உண்டாக்க முடிகிறது. "யார் சொன்னது" என்று கேட்டீர்கள் அல்லவா? மேலே உட்கார்ந்து கட்டளை போடும் துரை ஒருவரும் இல்லை. ஒரு கலத்தில் இப்போது இருக்கும் காரணிகளின் கலவைதான் அடுத்து எந்தக் காரணிகள் செய்யப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. வெளியில் இருந்து வரும் ஓமோன், வெளிச்சம், குளிர், காயம் ஆகியவை அந்தக் கலவையை அசைக்கின்றன.

இப்போது உங்கள் துண்டுக்கு வருவோம். கொப்பில் இருந்து வெட்டும் வரை, மேல்நுனியில் உண்டாகும் ஒட்சின் என்ற ஓமோன் தண்டு வழியாகக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டியதும் அந்த ஓட்டம் வெட்டுமுனையில் முட்டி நின்று தேங்குகிறது. கலத்துக்குள் ஒட்சின் இல்லாத வேளையில் ஓர் அடக்கிப் புரதம் ஒட்சினுக்குரிய பிரதியாக்கக் காரணிகளைப் பிடித்து வைத்திருக்கும். ஒட்சின் வந்ததும் அந்த அடக்கியை டீ.ஐ.ஆர்.1 என்ற வாங்கியோடு (ஓமோனை உணரும் புரதத்தோடு) ஒட்டிவிடுகிறது. ஒட்டப்பட்ட அடக்கிக்குக் குப்பை அடையாளம் குத்தப்பட்டு, கலத்தின் புரதச் சிதைப்பானில் அது அரைபடுகிறது. விடுபட்ட காரணிகள் சில நிமிடங்களிலேயே தமக்குரிய மரபணுக்களை வாசிக்க வைக்கின்றன. டீ.ஐ.ஆர்.1 தான் ஒட்சினின் வாங்கி என்பது 2005இல் உறுதியானது. கவனித்தீர்களா, இங்கே திறப்பது என்பது உண்மையில் ஓர் அடக்கியை அழிப்பது. காயம் பட்டதால் எழும் ஜாஸ்மோனிக் அமிலச் செய்தியும் இதோடு சேர்கிறது. காழுக்கும் உரியத்துக்கும் (சீனி கடத்தும் இழையத்துக்கும்) பக்கத்தில் உள்ள சில கலங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு, இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கி, வேரின் தொடக்கமாக மாறுகின்றன. இந்த வரிசை அராபிடொப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் மரபணு மரபணுவாகக் காட்டப்பட்டிருக்கிறது. தேயிலையில் அதே குடும்ப மரபணுக்கள் இருக்கின்றன, அதே வழியில்தான் நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம். ஆனால் அதே அளவு நுணுக்கமாக அது தேயிலையில் சோதிக்கப்படவில்லை.

தவறணையில் கைப்பழக்கமாகச் செய்யப்படும் பலவற்றுக்கு இதில் காரணம் கிடைக்கும். துண்டின் இலையைக் கிள்ளிவிட்டால் வேர் வருவது கெடுகிறது, ஏனென்றால் ஒட்சினும் சீனியும் அந்த இலையிலும் அதன் கக்கத்து மொட்டிலும் இருந்துதான் வருகின்றன. ஒட்சின் மட்டும் போதாது, சைற்றோகைனின் என்ற இன்னோர் ஓமோனோடு அதற்குள்ள விகிதமும் வேண்டும். புகையிலை இழையத்தை வைத்து ஸ்கூக், மில்லர் இருவரும் 1957இல் காட்டினார்கள்: ஒட்சின் மேலோங்கினால் வேர், சைற்றோகைனின் மேலோங்கினால் தளிர், இரண்டும் நடுத்தரமாக இருந்தால் உருவமில்லாத கலத்திரள். தேயிலைத் துண்டு மண்ணில் இறங்கிச் சுமார் 2, 3 மாதத்தில் வேர் பிடிக்க வேண்டும். தோண்டிப் பார்த்தால் முனையில் வெள்ளையாக வீங்கிய கட்டி மட்டும் இருக்கிறது, வேர் இல்லை என்றால் முதலில் மண்ணின் பி.எச். அளவைப் பாருங்கள். 4.5 முதல் 5.5 வரை இருப்பதே நல்லது. அதற்கு மேலே போனால் கலங்கள் பெருகும், ஆனால் வேராக மாறாது. முற்றிய மரத்தண்டில் வெட்டிய துண்டு சோம்பிக் கிடப்பதும் இந்தக் கதையாக இருக்கலாம். அந்தக் கலங்களில் இறுகிப்போன மடிப்புகள் அதிகமாக இருந்தால் திரும்பத் தளர நேரம் எடுக்கும், அதற்குள் பூஞ்சணம் முந்திவிடும்.

வாசித்து எடுத்த ஆர்.என்.ஏ. எல்லாம் புரதமாவதில்லை. முதலில் நடுவில் உள்ள தேவையற்ற துண்டுகள் வெட்டப்பட்டு மீதி ஒட்டப்பட வேண்டும். எதை வெட்டுவது என்பதை மாற்றினால் ஒரே மரபணுவில் இருந்து இரண்டு மூன்று புரதங்கள் கிடைக்கும். பிறகு 21, 22 எழுத்துகளே உள்ள நுண் ஆர்.என்.ஏ.க்கள் வந்து குறிப்பிட்ட தூது ஆர்.என்.ஏ.யை (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் பிரதியை) வெட்டிப்போடலாம், அல்லது புரதமாகாமல் தடுக்கலாம். 1993இல் ஒரு சிறு புழுவில் இவற்றைக் கண்டறிந்ததற்காக அம்புரோஸ், ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதமாக்கும் கட்டத்தில் நடக்கும் கட்டுப்பாட்டுக்கு நம் உடம்பிலேயே அழகான உதாரணம் உண்டு. சோறு தின்றதும் சாயத்தண்ணி (வெறுந்தேநீர்) குடித்தால் அதிலுள்ள பொலிபீனோல்கள் மரக்கறியில் இருந்து வரும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்சுவது குறையும். இரும்பு குறைந்த கலத்தில், இரும்பைச் சேமிக்கும் பெரிற்றின் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ. அப்படியே இருக்கும். ஆனால் அதன் முன்பகுதியில் ஒரு காவல் புரதம் ஒட்டிக்கொண்டு புரதம் செய்யவிடாது. அதே காவல் புரதம், இரும்பை உள்ளே இழுக்கும் வாங்கியின் தூது ஆர்.என்.ஏ.யில் பின்பகுதியில் ஒட்டும். அங்கே ஒட்டினால் அது சிதையாமல் காப்பாற்றப்படும். ஒரே புரதம், ஒட்டும் இடத்தைப் பொறுத்து நேர் எதிரான இரண்டு விளைவுகள். இரும்பு வந்ததும் காவல் விலகும், காத்திருந்த தூது ஆர்.என்.ஏ.யில் இருந்து உடனே பெரிற்றின் தயாராகும். ஒரு பெரிற்றின் கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். இரும்பு கட்டற்று அலைந்தால் கலத்துக்கு நஞ்சு என்பதால் இந்த வேகம் தேவை. மரபணுவில் இருந்து தொடங்கினால் அவ்வளவு சீக்கிரம் முடியாது.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பெக்டரியில் கொழுந்து கறுப்பாவது மரபணு வேலை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பாதிதான் சரி. கொழுந்தை வாட்டப் போட்ட 12 முதல் 18 மணி நேரத்தில் கலங்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. தண்ணீர் குறைவதையும் கசங்குவதையும் உணர்ந்து மரபணு வாசிப்பை மாற்றுகின்றன, வாசனைப் பொருட்கள் சம்பந்தமான மரபணுக்களும் அதில் அடங்கும். ஆனால் ரோலரில் போட்டு அரைத்ததும் நடப்பது வேறு. கலத்துக்குள் பச்சையவுருமணி என்ற அறையில் இருந்த பொலிபீனோல் ஒட்சிடேசு நொதியமும் புன்வெற்றிடம் என்ற வேறோர் அறையில் இருந்த கற்றெக்கின்கள் என்ற பொலிபீனோல்களும் அதுவரை மென்சவ்வுகளால் பிரிந்திருந்தன. மென்சவ்வு கிழிந்ததும் ஒட்சிசனோடு சேர்ந்து மூன்றும் சந்திக்கின்றன, நிறம் மாறுகிறது. புதிதாக ஒரு மரபணுவும் திறக்கத் தேவையில்லை, ஏற்கெனவே செய்து வைத்த நொதியம்தான் வேலை செய்கிறது. உலர்த்தியின் சூடு அந்த நொதியத்தை அழித்து நிறுத்துகிறது. மரபணு இருப்பது, அது வாசிக்கப்படுவது, புரதம் இருப்பது, புரதம் செயல்படுவது ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்கப் பழகினால் விடைத்தாளில் பல புள்ளிகளை இழக்காமல் தப்பலாம்.

மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் ஒரே கன்று நட்டும் கொழுந்து வேறுபடுவதை நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். இதில் உறுதியானது: நல்ல வெயிலும் புறவூதாக் கதிரும் கற்றெக்கின் பாதையின் மரபணுக்களை அதிகம் வாசிக்க வைக்கும், நிழல் அதைக் குறைத்துத் தியானினைத் தக்கவைக்கும். அதனால்தான் ஜப்பானில் சில உயர்தரத் தேயிலைகளுக்குப் பறிக்குமுன் சில வாரம் பாய் போட்டு மூடுகிறார்கள். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று அந்தப் பருவத்துத் தேயிலைக்குத் தனி வாசனை கொடுப்பதும், அதில் மீதைல் சலிசிலேற்று முக்கியமாக இருப்பதும் தெரிந்ததே. ஆனால் சுவையில் எவ்வளவு பங்கு மரபணு வாசிப்பால் வந்தது, எவ்வளவு குளிரில் கொழுந்து மெதுவாக வளர்ந்ததால் வந்தது, எவ்வளவு மண்ணும் வாட்டிய விதமும் கொடுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். "உயரத்தின் மரபணு ரகசியம்" என்று எழுதுகிறவர்களை நம்பிவிடாதீர்கள்.

ஒரு மரபணு வாசிக்கப்படுகிறது என்று எப்படித் தெரியும் என்றும் கேட்க வேண்டும், பல தவறான முடிவுகள் அங்கேதான் பிறக்கின்றன. கொழுந்தைக் கிள்ளிய நிமிடத்தில் இருந்தே காயத்துக்கான மரபணுக்கள் எழும்பத் தொடங்கும். கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை கூடையில் கொண்டுபோய்ப் பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அளப்பது செடியின் நிலையை அல்ல, பறித்ததன் விளைவை. அதனால் மலையிலேயே மைனஸ் 196 பாகை செல்சியஸ் திரவ நைதரசனில் போட்டுவிட வேண்டும், பிறகு மைனஸ் 80இல் வைக்க வேண்டும். தேயிலையில் பொலிபீனோல் அதிகம் என்பதால் அது ஆர்.என்.ஏ.யோடு ஒட்டிப் பழுப்பாக்கிக் கெடுக்கும். பிரித்தெடுக்கும் கரைசலில் பீ.வீ.பீ. என்ற பொலிமரைச் சேர்த்து அதைப் பிடித்துவைப்பது வழக்கம். காலை 9 மணிக்கு ஒரு மலையிலும் பிற்பகல் 3 மணிக்கு மற்ற மலையிலும் எடுத்தால், நாள் கடிகாரத்தால் வரும் வேறுபாடு மலை வேறுபாடாகத் தோன்றும். மொட்டையும் மூன்றாம் இலையையும் கலந்தால் இன்னும் மோசம். சுற்றுக்குச் சுற்று பிரதிகளை இரட்டிப்பாக்கி அளக்கும் கருவியில் ஒரு சுற்று முன்னதாகத் தெரிந்தால் இரு மடங்கு, ஏறத்தாழ 3.3 சுற்று முன்னதாகத் தெரிந்தால் 10 மடங்கு என்று கணக்கு. ஒப்பிட எடுத்த மரபணு உண்மையில் நிலையாக இருக்கிறதா என்று முன்பே பார்க்காவிட்டால் இந்தக் கணக்கே பொய்யாகும். எல்லாம் சரியாக வந்தாலும் அளந்தது தூது ஆர்.என்.ஏ.யைத்தான். பெரிற்றின் உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாம் கேள்வி. கட்டுப்பாட்டு நிலை பெரும்பாலும் தற்காலிகமானது. வறட்சியில் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடி இலைவாய் மூடும், நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறும், மழை பெய்ததும் பெரும்பகுதி பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் நினைவாகத் தங்கும் மாற்றங்களும் உண்டு. நுவரெலியாவில் பயிரிடும் கோவாவை (முட்டைக்கோசை) பாருங்கள். பூக்க வேண்டுமானால் 10 பாகைக்குக் கீழான குளிர் பல வாரம் தொடர்ந்து பட வேண்டும். கோவாக் குடும்பத்தில் எஃப்.எல்.சி. என்ற மரபணு பூப்பதைத் தடுத்துக்கொண்டிருக்கும். நீண்ட குளிரில் அதன் ஹிஸ்டோன்களில் மீதைல் அடையாளம் சேர்ந்து அது பூட்டப்படும். குளிர் போனபின்பும் கலம் பிரியப் பிரிய அந்தப் பூட்டு மகள் கலங்களுக்கு அப்படியே போகும். டீ.என்.ஏ.யில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விதை உண்டாகும்போது பூட்டு அழிக்கப்பட்டுவிடும், அடுத்த தலைமுறை மறுபடி குளிரைச் சந்திக்க வேண்டும். கரட்டும் பீட்ரூட்டும் குளிரைக் கேட்கின்றன, ஆனால் அவற்றில் வேலை செய்வது இதே மரபணு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதை வழியே அழிகிறது என்றால், விதை இல்லாத துண்டு வழியே? அங்கே அழிப்பதற்கான கட்டம் இல்லை என்பதால் அடையாளங்கள் தொடர வாய்ப்பு அதிகம். இதற்கு நிரூபிக்கப்பட்ட உதாரணம் ஒரு கெட்ட உதாரணம். முள்ளுத்தேங்காய் என்று நம் பக்கம் சொல்லும் பாம் எண்ணெய் மரத்தை இழையவளர்ப்பில் பெருக்கியபோது சில மரங்களில் காய்கள் உருக்குலைந்து எண்ணெய் குறைந்தது. ஒரு மரபணுவுக்குள் கிடந்த 'கர்மா' என்று பெயரிட்ட தாவும் துண்டில் மீதைல் அடையாளம் போனதே காரணம் என்று 2015இல் மலேசிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே 'துண்டு வழியே ஒன்றும் போகாது' என்று சொல்ல முடியாது. ஆனால் வறட்சியில் பெற்ற தாங்குதிறன் ஒரு தேயிலைத் துண்டின் வழியே வருடக்கணக்கில் நிலைக்கும் என்று சொல்ல இதை ஆதாரமாக்கவும் முடியாது. மனிதரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். முன்னோர் பட்டினி நம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்று மலையகத்தைப் பற்றியும் பகிர்கிறார்கள். அதற்கு எடுத்துக்காட்டும் 1944-45 நெதர்லாந்துப் பஞ்ச ஆய்வில், அந்தக் காலத்தில் கருவில் இருந்தவர்களிடமே மீதைல் வேறுபாடு காணப்பட்டது. அவர்கள் பட்டினியை நேரடியாகச் சந்தித்தவர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது கடத்தப்பட்டது என்பதற்கு அந்த ஆய்வு சான்றல்ல.

எனவே அந்தக் காயாத செடியைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி: அது நிற்பது பழைய விதைத் தேயிலை மலையா, வீ.பி. மலையா (துண்டு வெட்டிப் பெருக்கிய ஒரே வகைச் செடிகள் நட்ட மலையா)? விதைத் தேயிலை என்றால் ஒவ்வொரு செடியும் வேறு வேறு. தேயிலை தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது, அதனால் ஒவ்வொரு விதையும் புதுக் கலப்பு. அந்தச் செடியின் டீ.என்.ஏ.யிலேயே தாங்குதிறன் இருக்கக்கூடும், அது துண்டோடு நிச்சயம் வரும். தோட்டங்களுக்கு நல்ல செடிகளைத் தேர்ந்து வீ.பி. வகைகளாகப் பெருக்கியதும் இந்த முறையில்தான். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வகைகளில் டீ.ஆர்.ஐ. 2025 வறட்சியை ஓரளவு தாங்குவதும் டீ.ஆர்.ஐ. 2023 வாடிவிடுவதும் எழுத்து வேறுபாட்டால்தான். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. விதைச்செடிக்கு ஆணிவேர் உண்டு, துண்டில் வளர்ந்த செடிக்கு இல்லை. அந்தச் செடி ஆழமான ஆணிவேரால் தப்பியிருந்தால் துண்டில் அது கிடைக்காது. வீ.பி. மலை என்றால் பக்கத்துச் செடிக்கும் அதற்கும் டீ.என்.ஏ. ஒன்றே. அப்போது மண் ஆழம், கல், கானுக்கு (வடிகாலுக்கு) பக்கம், நிழல் மரம், கவ்வாத்து வெட்டிய காலம், வேரில் இருந்த மாப்பொருள் ஆகியவற்றையே முதலில் சந்தேகிப்பேன். மாப்பொருளைச் சிறு வேர் ஒன்றை வெட்டி அயடீன் விட்டுப் பார்த்துவிடலாம். கருநீலம் நன்றாக ஏறினால் இருப்பு உண்டு.

ஆதாரத்தோடு பார்க்க ஆசை என்றால், வீ.பி. மலையில் தப்பிய செடிகளில் குறைந்தது 5 இலும் வாடிய செடிகளில் 5 இலும், எல்லாம் மழை கண்டு தளிர்த்தபின், ஒரே நாளில் செடிக்கு 20 துண்டு வெட்டுங்கள். ஒரே மண் நிரப்பிய பைகளில், எது எந்தச் செடியுடையது என்று இலக்கம் போட்டு, வரிசையைச் சீட்டுக் குலுக்கிக் கலந்து வையுங்கள். தப்பியவற்றை ஒரு பாத்தியிலும் வாடியவற்றை இன்னொரு பாத்தியிலும் வைத்தால் நீங்கள் அளப்பது பாத்தியை. ஒரு வருடக் கன்றானதும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்தி, இலக்கம் தெரியாத ஒருவரைக் கொண்டு வாடிய நாளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒப்பிட வேண்டியது 200 கன்றுகளை அல்ல, தாய்ச்செடிகளின் 10 சராசரிகளை. வேறுபாடு தெரிந்தாலும் அந்தக் கன்றுகளில் இருந்து மறுபடி துண்டு வெட்டி இரண்டாம் சுற்றுப் பாருங்கள். முதல் துண்டு தாய்ச்செடியின் சீனியையும் ஓமோனையும் சுமந்து வந்திருக்கும், இரண்டாம் சுற்றில் அந்தச் சுமை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.